வெறுங்காலில் அரையிறுதி வரை

ஐயப்பன் அருளால் போனேன், ஐயப்பன் அருளால் திரும்பி வந்தேன். நடுவில் நடந்த கூத்துக்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்க வேண்டாம்.

எனக்கு ஊர் ஆம்பூர். ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கிற வேலை. இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்து, நிறமும் அளவும் தோலின் மினுமினுப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து டப்பாவில் போட வேண்டும். வருஷம் முழுக்க ஊரார் காலுக்கு ஷூ பார்க்கிற நான், கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடப்பேன். இந்த முறை பதினெட்டாவது வருஷம். பதினெட்டாம் வருஷம் மலைக்குப் போகிறவர் இருமுடியோடு ஒரு தென்னங்கன்றையும் சுமந்துகொண்டு போய் அங்கே வைத்துவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகு அவரும் ஒரு குருசாமி. பதினேழு வருஷமாக அடுத்தவர் குருசாமி ஆவதைப் பார்த்துக் கை தட்டியவன் நான். என் முறை வந்துவிட்டது என்று தலைகால் புரியாமல் இருந்தேன்.

அப்போதுதான் வளைகுடாவிலிருந்து மகள் கவிதா போன் செய்தாள். மாப்பிள்ளை பிரகாஷ் அங்கே ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை லீவில் நண்பர்களோடு பந்து விளையாடப் போய் காலை உடைத்துக்கொண்டாராம். மாவுக்கட்டு, சக்கர நாற்காலி. கைக்குழந்தை வேறு.

"ஒண்டியா சமாளிக்க முடியலப்பா. ரெண்டு வாரம் வந்து இருந்துட்டுப் போ" என்றாள்.

என் மனைவிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எனக்கு இருந்தது. ஆனால் கழுத்தில் மாலையும் இருந்ததே. நேராகக் கோபால் குருசாமியிடம் போனேன். பதினேழு வருஷமும் எனக்கு இருமுடி கட்டியவர் அவர். முன்பு எங்கள் கம்பெனியிலேயே ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர்.

"கடல் தாண்டலாமா சாமி?"

"ஐயப்பன் அங்கயும் இருக்கிறாரு சாமி, தாராளமா போய்ட்டு வா. ஆனா செருப்பு மட்டும் கால்ல ஏறக் கூடாது. ஏறிச்சுன்னா மாலையைக் கழட்டி வெச்சிட்டு அடுத்த வருஷம் வா."

எங்கள் சூப்பர்வைசர் அன்வர் பாய் லீவு கொடுத்தார். கொடுத்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

"இன்னா ஏகாம்பரம், ஷூ ஊர்லருந்து வெறுங்காலோட பிளேன் ஏறப் போறியா? அங்க எவனாச்சும் கேட்டா ஓசூர்க்காரன்னு சொல்லிடு."

சென்னை விமான நிலையத்தில் சோதனை செய்யும் இடத்தில் பெரிய பெரிய மனிதர்களெல்லாம் குனிந்து ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கையை வீசிக்கொண்டு போனேன். விரதத்தின் பலன் எனக்குக் கைமேல் கிடைத்தது அங்கேதான்.

போய் இறங்கிய அன்றைக்கு ஊரைப் பார்த்தேன். பாலாற்றில் ஒரு காலத்தில் இருந்த மணலையெல்லாம் இங்கேதான் கொண்டுவந்து கொட்டிவிட்டார்களோ என்று தோன்றியது. அந்த மணல் மேல் கண்ணாடிக் கட்டடங்கள். தெருவில் ஒரு எச்சில் இல்லை, ஒரு முள் இல்லை. வெறுங்காலுக்கு ஏற்ற ஊர். விடியற்காலைக் குளியல்தான் பிரச்சினை. குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வந்தது. மாலை போட்டவன் சுகமாகக் குளிக்கலாமா? பிரிட்ஜிலிருந்த ஐஸ் கட்டிகளை வாளியில் போட்டுக் குளித்தேன்.

"அப்பா, உனக்கு ஜுரம் வந்தா நான் ரெண்டு பேஷண்ட்டப் பாக்கணும்" என்று கவிதா கதவைத் தட்டினாள்.

மறுநாள் மாப்பிள்ளை விஷயத்துக்கு வந்தார். அந்த நகரத்தில் அப்போது உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டு அணி மேல் அவருக்கு ஆலங்காயத்தில் பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்தே பைத்தியம். எந்த நாடு என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒரு தேசமே என் மேல் பழி போடும். பச்சைச் சட்டைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை என்பதும் நானாக மாற்றிச் சொன்ன நிறம்தான். அவர்கள் ஆட்டத்துக்கெல்லாம் மாப்பிள்ளையிடம் டிக்கெட் இருந்தது. சக்கர நாற்காலிக்காரர் என்றால் துணைக்கு ஒருவர் வந்தே ஆக வேண்டுமாம்.

"மாமா, இனிமே எல்லாம் நாக்அவுட். தோத்தா வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

"வீட்டுக்குப் போறது நல்லதுதானே மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார். கவிதா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "தள்ளிக்கினு போய்ட்டு வாப்பா. வீட்ல எனக்கும் கொஞ்சம் நிம்மதி."

முதல் ஆட்டத்துக்கு மெட்ரோ ரயிலில் போனோம். லிஃப்டுக்கு முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. நான் வழக்கம்போலத் தப்பான கதவைத் தேர்ந்தெடுத்தேன். தப்பான நடைமேடை, தப்பான ரயில். பெட்டி முழுக்க எதிரணி ஆட்கள், மஞ்சள் சட்டையில், பாடிக்கொண்டு. மாப்பிள்ளை தன் பச்சைச் சட்டையை என் துண்டால் மூடிக்கொண்டார். மஞ்சள்காரர்களுக்கு எங்களைப் பார்த்து இரக்கம் வந்துவிட்டது. ஒருவர் கட்டுப் போட்ட காலையும் பார்த்தார், வெறும் காலையும் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு கால், ஒரே ஒரு ஷூ. அவர் தன் கைப்பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். ஆம்பூர், வாணியம்பாடி டவுன் பஸ்ஸில்கூட எனக்கு யாரும் இப்படிக் கொடுத்ததில்லை.

மைதானத்தில் சக்கர நாற்காலிகளுக்குத் தனி மேடை. எங்களுக்கு முன்வரிசை முழுக்கப் பச்சைச் சட்டைகள். நடுநாயகமாக ஒரு பெரிய உடம்புக்காரர், கழுத்தில் மேளம். பெயர் பெத்ரோ. பக்கத்தில் அவர் மனைவி, கையில் கறி ரொட்டி. எனக்கு ஒன்று நீட்டினார்கள். நான் மாலையைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தேன். மாப்பிள்ளை ஆங்கிலத்தில் விளக்கினார். மாலை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், பார்ப்பவர்களையும் அப்படித்தான் என்று சொன்னதும் பெத்ரோவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அவர் என்னைச் சாமி என்றார், நான் அவரைச் சாமி என்றேன்.

ஆட்டம் தொடங்கியது. எனக்கு ஆட்டம் புரியவில்லை, பூட்ஸ்தான் புரிந்தது. மஞ்சள் அணியில் ஒருவன் ஒரு காலில் ஆரஞ்சும் மறு காலில் ரோஸும் போட்டிருந்தான். மாப்பிள்ளை தோளைத் தட்டினேன்.

"மாப்பிள்ளை, ஜோடி மாறிப் போச்சு. யாராச்சும் சொல்லுங்க அவனுக்கு."

"அது பேஷன் மாமா. அப்படித்தான் விக்கிறாங்க."

"எங்க செக்‌ஷன்ல இது ரிஜெக்ட்."

அவனையே பார்த்துக்கொண்டு நின்றதில், சக்கர நாற்காலி லேசாக நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. கண்ணில் பட்டதும் தடுக்கக் காலை நீட்டினேன். கட்டை விரல் இரும்பில் மோதியது. உயிர் போகிற வலி. "சரணம் ஐயப்பா" என்று அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டேன். அதே நொடி மைதானமே எழுந்து குதித்தது. பச்சை அணி கோல் போட்டிருந்தது.

பெத்ரோ பந்தைப் பார்க்கவில்லை. திரும்பி என் காலைப் பார்த்தார்.

அன்று பச்சைதான் ஜெயித்தது. வெளியே வரும்போது பெத்ரோவின் மனைவி என் பாதங்களைப் போட்டோ எடுத்தார். கால் இறுதிக்கு வருவேனா, இதே வேட்டியில் வருவேனா, இதே மாதிரி வெறுங்காலில் வருவேனா என்று மூன்று முறை கேட்டார்கள். விரதம் முடியும் வரை வெறுங்கால்தான் என்று மாப்பிள்ளை சொன்னதும் பெத்ரோ என்னைக் கட்டிப்பிடித்துக் காற்றில் தூக்கினார். கூச்சமாகப் போய்விட்டது. கல்யாணத்தன்றைக்குக்கூட என்னை யாரும் தூக்கவில்லை.

கால் இறுதியில் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். நான் கறி சாப்பிடுவதில்லை என்பதால் அந்த வரிசையில் யாரும் கறி சாப்பிடக் கூடாது என்று பெத்ரோ உத்தரவு போட்டிருந்தார். ரொட்டிகள் மூன்று வரிசை தள்ளிப் பின்னால் கைமாறிப் போயின. ஒரு பெரியவர் தன் ரொட்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியும் நேரம் வரை கோல் இல்லை. பெத்ரோ மெல்ல நகர்ந்து வந்து மாப்பிள்ளை காதில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை நெளிந்தார்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. அந்த விரலை இன்னொரு தபா இடிச்சுக்க முடியுமான்னு கேக்கறாரு. மெதுவா இடிச்சாக்கூடப் போதுமாம்."

"வேணும்னே இடிச்சா அது பக்தி ஆகாது மாப்பிள்ளை."

மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். பெத்ரோ பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் விதமாக என் முன்னால் குனிந்தார். குனிந்தவர் நிமிரும்போது பிடிமானத்துக்குச் சக்கர நாற்காலியைப் பிடித்தார். அவருடைய எடை முழுவதும் நாற்காலி மேல், நாற்காலி முழுவதும் என் விரல் மேல். நான் போட்ட சரணத்துக்கு ஆம்பூரில் இருக்கும் ஐயப்பன் கோயில் மணியே ஆடியிருக்கும். அங்கே கோல் விழுந்தது.

விரலில் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. முதலுதவிக்காரர் ஒருவர் ஓடிவந்து மருந்து வைத்தார். அப்போதுதான் என் இரண்டு காலிலும் ஒன்றும் இல்லை என்பதை அவர் பார்த்தார். போன் எடுத்து யாரிடமோ ஏதோ சொன்னார். அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

அரையிறுதி அன்று பட்டது. வாசலில் ஒரு பெண் காவலர் கையை நீட்டித் தடுத்தார். காயம் பட்டவர் காலில் எதுவும் இல்லாமல் உள்ளே போகக் கூடாதாம். அவரே நல்ல மனதோடு ஒரு ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். புதுச் செருப்பு. ஜோடிகூடச் சரியாக இருந்தது.

நான் போகாவிட்டால் மாப்பிள்ளையும் போக முடியாது, துணை இல்லாமல் விட மாட்டார்கள். காலுடைந்த அன்றுகூட ஆட்டம் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்றுதான் அழுதாராம், கவிதா சொல்லியிருந்தாள். இப்போது மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே மேளச் சத்தம் தொடங்கிவிட்டது. எனக்கு ஒரு பக்கம் பதினெட்டு வருஷம், ஒரு பக்கம் மாப்பிள்ளை, நடுவில் அந்தச் செருப்பு. கண் கலங்கிவிட்டது.

"நீங்க போட்டுக்காதீங்க மாமா. வீட்டுக்குப் போலாம். டிவில பாத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் பேஜாராகிவிட்டது.

இந்தக் குழப்பத்தைப் பார்த்து மேலதிகாரி ஒருவர் வந்தார். என் மாலையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "சாமி சரணம்" என்றார். மலையாளி. பெயர் சுரேஷ். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார்.

"எத்தனையாவது மலை சாமி?"

"பதினெட்டு."

"தென்னங்கன்று வைக்கிற வருஷமா?" என்று கும்பிட்டார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். பையிலிருந்து போனை எடுத்தார். கால் இறுதியில் பெத்ரோவின் மனைவி எடுத்திருந்த வீடியோ ஒன்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் நான் விரலைப் பிடித்துக்கொண்டு துள்ளுகிறேன், பின்னால் கோல் விழுகிறது.

"இடிச்சுக்கிட்டா கோல் விழற சாமி நீங்கதானா?"

ஆமாம் என்றேன். சுரேஷ் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அன்றைக்கு எதிரணி சிவப்புச் சட்டை. சுரேஷின் ஊரில் ஆற்றுக்கு நடுவே சிவப்பு அணித் தலைவனுக்கு ஆளுயரம் தாண்டிக் கட்டவுட் வைத்திருக்கிறார்களாம். வைத்தது அவர் தம்பிதானாம்.

"உங்களை உள்ள விடலைன்னா ஐயப்பன் கேட்பார். விட்டா என் தம்பி கேட்பான்" என்றார்.

கடைசியில் ஐயப்பன்தான் ஜெயித்தார். ஆனால் விதி இருக்கிறதே, காலை எதையாவது வைத்து மூடியாக வேண்டும். முதலுதவிப் பெட்டியிலிருந்து துணிக்கட்டு எடுத்து வரச் சொன்னார். பாதம் முழுக்கச் சுற்றினால் காவலரும் ஒத்துக்கொள்வார். எனக்கோ சந்தேகம். காலை மூடினால் அதுவும் செருப்புக் கணக்கில் சேருமா? கோபால் குருசாமிக்குப் போன் போட்டேன். அவர் பஜனையில் இருந்தார். பின்னால் ஜால்ரா சத்தம்.

"இன்னா சாமி, சட்டுன்னு சொல்லு, பாட்டு நடக்குது."

சொன்னேன். ஜால்ரா நின்றது. அங்கே எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார் போலிருக்கிறது.

"அதுல சோல் இருக்குதா?"

"இல்ல சாமி. வெறும் துணி."

"ஹீல்?"

"இல்ல."

"அட்டை, ரப்பர் ஏதாச்சும் அடியில வெச்சிருக்கானா?"

"ஒண்ணும் இல்ல சாமி. தரை ஜில்லுனு தெரியுது."

"அப்போ அது செருப்பே இல்ல. சோல் இல்லாம எப்படிச் செருப்பாவும்? நாப்பது வருஷம் சோல் ஒட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? போய் ஆட்டத்தைப் பாரு."

ஜால்ரா மறுபடி தொடங்கியது. சுரேஷ் மண்டியிட்டுத் தன் கையாலேயே கட்டிவிட்டார். கட்டி முடித்ததும் என் பாதத்தைப் பிடித்தபடியே கேட்டார்: "ஒரு வாக்குக் கொடுங்க சாமி. விரலை இடிச்சுக்காதீங்க. சரணம் போட்டா ரெண்டு பேருக்கும் போடுங்க." நியாயமாகப் பட்டது. ஐயப்பனுக்கு ஏது பச்சை, சிவப்பு? கொடுத்தேன்.

உள்ளே போனதும் பெத்ரோ என் காலைப் பார்த்தார். மேளம் நின்றுவிட்டது. இரண்டு காலிலும் வெள்ளைக் கட்டு, பக்கத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு காலில் கட்டு. நாங்கள் ஏதோ போரிலிருந்து திரும்பியவர்கள் மாதிரி இருந்தோம். சோல் விஷயத்தை மாப்பிள்ளை விளக்கினார். பெத்ரோ தரையில் உட்கார்ந்து, என் பாதத்தின் அடியைத் தொட்டுப் பார்த்து, துணிதான் என்று வரிசைக்கு அறிவித்தார். மேளம் மறுபடி எழுந்தது.

நான் வாக்குத் தவறவில்லை. பச்சை முன்னேறும்போது ஒரு சரணம், சிவப்பு முன்னேறும்போது ஒரு சரணம். பச்சை ஒரு கோல் போட்டது. சிவப்பு ஒன்று போட்டது. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பெத்ரோவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை சிவப்பு பந்தை எடுக்கும்போதும் திரும்பி என் வாயைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தேன்.

கடைசியில் பெனால்டி. ஒருவன் பந்தை வைத்து உதைக்க வேண்டும், ஒருவன் தடுக்க வேண்டும். அணிக்கு ஐந்து. இதில் எந்தச் சரணத்தை எப்போது போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன். பச்சைக்குக் கடைசியாக உதைக்க வந்தவன் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பந்து மேலே போனது. கம்பத்துக்கு மேலே, கூட்டத்துக்குள்ளே. அவன் அங்கேயே முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். பெத்ரோ மெல்லத் திரும்பினார். அடிப்பாரோ என்று நினைத்தேன், அந்த உடம்புக்கு நான் தாங்க மாட்டேன்.

"சாமி, உண்மையைச் சொல்லு. யாருக்காக வேண்டினாய்?" என்று கேட்டார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்.

"ரெண்டு பேருக்கும். வாசல்ல வாக்குக் குடுத்துட்டேன்."

பெத்ரோ விரல் விட்டு எண்ணினார். இரண்டு கோல், இரண்டு கோல். கண்ணில் நீர் வழிய, திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்படியானால் உன் கடவுள் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். சமமாகக் கொடுத்தார். மீதி அந்தப் பையனின் கால். பாவம், அவன் தூங்க மாட்டான். மலைக்குப் போனால் அவனுக்காக ஒன்று சொல்."

சொல்கிறேன் என்றேன். வெளியே வரும்போது சுரேஷ் எதிரில் வந்தார். அவர் அணி ஜெயித்திருந்தது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து, கும்பிட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். மார்கழியில் கோபால் குருசாமி என் தலையில் இருமுடி ஏற்றினார், கையில் தென்னங்கன்றைக் கொடுத்தார். அதற்கு முன்னால் என் உள்ளங்காலை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பதினெட்டுப் படியும் ஏறினேன். மேலே போலீஸ்காரர்கள் கூட்டத்தைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயன் முன்னால் நிற்கக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். கேட்க வேண்டியதையெல்லாம் பதினெட்டு வருஷமாக மனதில் கோத்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை கால் சேர வேண்டும், கவிதா நன்றாக இருக்க வேண்டும், வீட்டுக்கு மேல் தளம் போட வேண்டும், ரிட்டயர் ஆகும் வரை கண் பார்வை கெடாமல் ஜோடி சேர்க்க வேண்டும்.

ஐயனைப் பார்த்தேன். வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஐயப்பா, அந்தப் பையன் அடுத்த தபா பந்தை உள்ள அடிக்கணும்."

போலீஸ்காரர் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டார். வெளியே பிரகாரத்தில் நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. கோபால் குருசாமியிடம் சொன்னேன். மறுபடி வரிசையில் நிற்க வழி இல்லை, கேட்டது கேட்டதுதான் என்றுவிட்டார்.

தை மாதம் மாப்பிள்ளைக்குக் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது. கவிதாவும் குழந்தையும் சௌக்கியம். கேட்காததையெல்லாம் கொடுத்துவிட்டார். கேட்டதைக் கொடுக்கிறாரா என்று தெரிய அடுத்த உலகக் கோப்பை வர வேண்டும், அதற்கு இன்னும் நாலு வருஷம் ஆகும்.